ஐந்தாவதாக வெளியே வந்தவர்

மரியஜோசப் நல்ல மனிதர் என்பதில் அந்த அடுக்குமாடியில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவருக்கோ துளிகூடக் கிடையாது. ஊரே சேர்ந்து ஒருவனை நல்லவன், நல்லவன் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அவன் தன்னைத் தானே ஒருதரம் உரசிப் பார்க்கிற வழக்கத்தை விட்டுவிடுவான். இவரும் விட்டு ரொம்ப காலம் ஆகியிருந்தது.

வயது ஐம்பத்தெட்டு. பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அம்மாவோடு நிரை பிடித்துப் பால்மரம் சீவினார். தோட்டம் கைமாறி, மரங்களைத் தள்ளிவிட்டு வீடு கட்டப் போகிறோம் என்றதும் எல்லாரோடும் ஈப்போவுக்கு வந்து லாரி ஓட்டினார். கண் மங்கியதும் லாரியை விட்டுவிட்டு ஒரு பேரங்காடி வாசலில் ஜாகாவாக, காவலுக்கு நின்றார். தோட்டத்து ஜனம் பாதிக்கு மேல் அதே மலிவு விலை அடுக்குமாடியில்தான் குடியிருந்தது. அங்கே யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பெட்டியின் முன்பக்கம் மரியஜோசப் தோளில்தான் இருக்கும். பின்பக்கம் தூக்கினால் போட்டோவில் முகம் விழாது, அது வேறு விஷயம். லிப்ட் கெட்டுப்போனால் கிழவிகளின் கேஸ் சிலிண்டர் தோம்பைச் சுமந்து மாடி ஏற்றுவார். வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தை நடத்துவார். ஜெபம் முடிந்ததும் ஐந்து நிமிடம் பேசுகிறேன் என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசுவார். அன்பைப் பற்றித்தான்.

அவர் மனைவி ரோசரி பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டுகிறவள். வாய் அதிகம் பேசமாட்டாள். கல்யாணமான புதிதில் வயிற்றில் தங்கிய பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கலைந்து போனபோது, ஒன்றையாவது கையில் கொடு தாயே, வேளாங்கண்ணிக்கு வந்து மணல் பாதையில் முட்டி போட்டு நடக்கிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். அடுத்த வருடம் சமந்தா பிறந்தாள். இப்போது சமந்தாவுக்கே கல்யாணமாகிச் சிங்கப்பூரில் இருக்கிறாள். அம்மா இன்னும் வேளாங்கண்ணி போகவில்லை. போகலாம் என்கிற ஒவ்வொரு வருடமும் வீட்டில் ஏதாவது ஒன்று வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றுகிறோமே என்று அவளுக்கு உள்ளூரப் பயம். மகளுக்குத் தலைவலி என்று போன் வந்தால்கூட, கடன் வைத்திருக்கிற நேர்ச்சைதான் பிள்ளையைப் பிடிக்கிறது என்பாள். அதை விட்டால் அவளுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இருந்ததாக எவருக்கும் தெரியாது.

இந்த வீட்டுக்குள் ஏரோப்ளேன் நுழைந்தது ஷர்மினி வழியாக.

ஷர்மினி தாப்பா ஊர்க்காரப் பெண். விமானப் பொறியியல் படித்தவள். ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்பு மலை அடிவாரத்துக் கிடங்கு ஒன்றில் இயங்கிய ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். இறக்கையும் வாலும் வெட்டிய பழைய விமானத்தின் வயிற்றுப்பகுதியை அந்தக் கிடங்குக்குள் தூக்கி வைத்திருந்தார்கள். உள்ளே இருக்கைகள் எல்லாம் நிஜம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அடுக்குமாடி சமூகக் கூடத்துக்கு வந்து ஆட்கள் கேட்டாள்.

"ஒருத்தன் புதுசா ஒரு ப்ளேன் செஞ்சி விக்கணும்னா முதல்ல ஒன்ன நிரூபிச்சுக் காட்டணும் அங்கிள். உள்ள இருக்கிற அத்தன பேரும் ஒன்றரை நிமிசத்துல வெளிய வந்துறணும். பாதிக் கதவு தொறக்காது. எந்தக் கதவுன்னு முன்னாடியே சொல்லமாட்டோம். விளக்கும் இருக்காது. வழியில போர்வ, பைன்னு எல்லாத்தையும் எறைச்சி வச்சிருப்போம்."

"இதெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்க முடியாதாம்மா?" என்று கேட்டார் மரியஜோசப்.

"போடுறோம். ஆனா கம்ப்யூட்டர்ல இருக்கிற மனுசன் பயப்பட மாட்டேங்குறானே!"

கூடம் சிரித்தது. வயதானவர்கள் வேண்டும், குண்டானவர்கள் வேண்டும், முட்டி வலிக்காரர்கள் வேண்டும், நிஜ விமானத்தில் அவர்கள்தானே இருப்பார்கள் என்றாள். அது போதாதா? முட்டி வலிக்காரர்களை இந்த நாட்டில் யார் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள்? ஆளுக்கு ஒரு நாள் படிக்காசு உண்டு, மத்தியானம் கோழிச் சோறு உண்டு என்றதும் மொத்த புளோக்கும் பெயர் கொடுத்துவிட்டது. பட்டியலில் முதல் பெயர் மரியஜோசப்.

முதல் நாள் சோதனையைப் பார்த்திருக்க வேண்டும். ஆளுக்கு ஓர் எண் போட்ட சட்டையை மாட்டி உட்காரவைத்தார்கள். சில பேர் கையில் கைப்பிள்ளைக்குப் பதிலாகப் பொம்மை கொடுத்தார்கள். விளக்கு அணைந்தது, "வெளியேறுங்கள்" என்று ஒலிபெருக்கி அலறியது. நம்ம ஜனம் என்ன செய்தது தெரியுமா? "அக்கா, நீங்க போங்க", "இல்லடா, பெரியவர முதல்ல விடு" என்று வழிவிட்டு நின்றது. கலாதேவி என்கிற அம்மாள் பொம்மையின் தலை எங்கேயும் இடித்துவிடக் கூடாதென்று உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஆடி அசைந்து வந்தாள். மரியஜோசப் கதவருகிலேயே நின்று ஒவ்வொரு கிழவியையும் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, கடைசி ஆளாக இறங்கினார். இறங்கியவர் சுற்றிலும் ஒருதரம் பார்த்துக்கொண்டார், எல்லாரும் கவனித்தார்களா என்று.

ஷர்மினி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அங்கிள், நெஜமா நெருப்புப் பிடிச்சிருந்தா இந்நேரம் நீங்க பாதிப் பேரு செத்திருப்பீங்க. மரியாதையாவே செத்திருப்பீங்க."

அவளுடைய கஷ்டம் இதுதான். இறக்கைக்கு மேலே ஒரு சின்னக் கதவு இருக்கும், ஜன்னல் போல. இரண்டு வரிசை இருக்கைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து அதன் வழியாகக் காலைத் தூக்கிப் போட்டு வெளியே போகவேண்டும். அந்த இடைவெளியைக் கொஞ்சம் இறுக்கினால் விமானத்தில் இன்னொரு வரிசை போடலாம். ஒவ்வொரு பறப்பிலும் ஆறு டிக்கெட் கூடுதலாக விற்கலாம். இறுக்கலாமா, இறுக்கினால் ஆபத்து நேரத்தில் ஆட்கள் அடைத்துக்கொள்வார்களா என்பதைத்தான் அவள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு வருகிறவர்களை வைத்து அதை எந்தக் காலத்தில் கண்டுபிடிப்பது? அவளுக்கு வேண்டியது முட்டி மோதுகிற கூட்டம்.

அடுத்த முறை ஒரு வழி செய்தாள். முதலில் வெளியே வருகிற பாதிப் பேருக்குப் படி இரட்டிப்பு என்றாள். வெளிநாட்டில் இப்படித்தான் செய்வார்களாம், காசைக் காட்டினால் போதும், தன்னால் முட்டுவார்களாம். இங்கே அப்போதும் எவரும் முட்டவில்லை. தேநீர் வேளையில் ஏன் என்று கேட்டாள்.

"பேசியாச்சும்மா," என்றார் மரியஜோசப் பெருமையாக. "யாருக்குக் கெடைச்சாலும் ஒரே டின்னுல போட்டு எல்லாருக்கும் சமமாப் பங்கு வச்சிக்கிறதுன்னு முடிவு. தோட்டத்துல இருந்தே நாங்க அப்படித்தான்லா."

ஷர்மினி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோசரியிடம் சாதாரணமாகக் கேட்டாள். "ஆண்ட்டி, உங்களுக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கிற ஆச என்ன?"

வாயைத் திறக்காதவள் அன்றைக்குப் பார்த்துத் திறந்தாள். "வேளாங்கண்ணி போகணும்மா."

உடனே நாலா பக்கமும் குரல் கிளம்பியது. எனக்குப் பழனி, எனக்குத் திருச்செந்தூர், எனக்கு எங்க தாத்தா பொறந்த ஊரு எதுன்னாவது பாக்கணும். ஷர்மினியின் கண் விரிந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை. பங்கு போட முடியாத ஒரு பண்டத்தை அவளுக்கு இவர்களே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது சோதனைக்கு முந்தின வாரம் அறிவிப்பு வந்தது. இறக்கைக் கதவு வழியாக முதலில் வரும் ஐந்து பேருக்குச் சென்னைக்குப் போய்வர விமான டிக்கெட். வெளியே வந்தவர் பெயரிலேயே எழுதப்படும். மாற்ற முடியாது, விற்க முடியாது, இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

அந்த ஒரு வாரம் அடுக்குமாடியில் மனிதர்கள் மாறிப்போனார்கள். "பேசியாச்சு" என்று எவரும் எவரையும் கூப்பிட்டுப் பேசவில்லை. லிப்ட் ஓடும்போதே படியேறிப் பழகினார்கள். ஒருவர் வீட்டு சோபா இரண்டையும் நெருக்கிப் போட்டு நடுவில் நுழைந்து பார்த்தார் என்று அவர் மனைவியே வெளியே சொல்லிச் சிரித்தாள், சிரித்தவளும் நுழைந்து பார்த்திருப்பாள். பக்கத்து வீட்டு ராஜு, கார் கழுவும் கடையில் வேலை செய்கிறவன், பெண்டாட்டி விட்டுப்போன நாளிலிருந்து சம்சு குடிக்காத நாளே கிடையாது, அவன்கூட அந்த வாரம் குடிக்கவில்லை.

மரியஜோசப் வீட்டில் ரோசரி தூங்கவில்லை. பாயில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். "எனக்குக் கெடைக்குமாங்க?" என்று குழந்தை மாதிரிக் கேட்டாள்.

"ஏன் கெடைக்காது? நான் எதுக்கு இருக்கேன்? நீ முன்னால போ. நான் ஒனக்குப் பின்னால அண கட்டுன மாதிரி வாரேன். எவனும் ஒன்னத் தாண்டி வரமாட்டான். எனக்கு டிக்கெட் வேணாம், எனக்கென்ன நேர்ச்சையா கெடக்கு?"

மனதாரத்தான் சொன்னார். அதில் பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

சோதனை நாள். இருக்கை இடைவெளியை ஒரு சாணுக்குக் குறைத்திருந்தார்கள். உள்ளே நாடகத்துக்கு விடுகிற மாதிரி வெண்புகை விட்டார்கள். மரியஜோசப்புக்கும் ரோசரிக்கும் இறக்கைக் கதவுக்கு நாலு வரிசை பின்னால் இடம். நல்ல இடம். விளக்கு அணைந்ததும் மேலிருந்து விழுகிற கல்லுக்குப் பயந்து ஓடுகிற மாதிரி எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். இந்தத் தடவை "நீங்க போங்க அக்கா" கிடையாது. முழங்கைதான் பேசியது. ஒரு கிழவி "அடப் பாவிங்களா!" என்று கத்தினாள், அவளும் யார் தலைமயிரையோ பிடித்து இழுத்துக்கொண்டுதான் கத்தினாள். கலாதேவியின் பொம்மை யார் காலடியிலோ கிடந்தது.

மரியஜோசப் சொன்னபடி செய்தார். இரண்டு கையாலும் இருக்கை முதுகுகளைப் பிடித்துப் பின்னால் வருகிற கூட்டத்தைத் தாங்கிக்கொண்டு ரோசரியை முன்னே விட்டார். வெளியே நின்ற மலாய்க்கார உதவியாளர் வருகிற தலைகளை மலாயில் சத்தமாக எண்ணினார். "சத்து!" பிறகு "டுவா!" ரோசரி அந்தச் சந்துக்குள் பக்கவாட்டாக நுழைந்துவிட்டாள். "தீகா!" அவளுக்கு முன்னால் இன்னும் ஓர் ஆள்தான். "அம்பாட்!" நாலு பேர் போயாகிவிட்டது. ஐந்தாவது அவள். கதவு எட்டிப் பிடிக்கிற தூரம்.

தரையில் கிடந்த போர்வையில் ரோசரிக்குக் கால் சிக்கியது. குப்புற விழுந்தாள்.

குனிந்து தூக்கியிருக்கலாம். கேஸ் தோம்பு தூக்கிய கைதான், ஒரு இழுப்பில் தூக்கியிருப்பார். ஆனால் கதவுக்கு வெளியே வெளிச்சம் தெரிந்தது. உதவியாளர் அடுத்த எண்ணுக்காக வாயைத் திறந்து நிற்பது தெரிந்தது. பின்னாலிருந்து ராஜுவின் குரல் நெருங்கி வந்தது. இவள் எழுந்திருப்பதற்குள் அவன் முந்திவிடுவான் என்று மரியஜோசப்புக்குத் தோன்றியது. இவளுக்குப் போனது போனதுதான், வீட்டுக்கு ஒன்றாவது வரட்டும் என்றும் தோன்றியது. இத்தனையும் தோன்றுவதற்குள் கால் போய்விட்டது. வலது கால். அவள் இடுப்பில் ஏறி நின்று உந்தினார். "என்னங்க, நான்தாங்க!" என்று கீழிருந்து அவள் குரல் கேட்டது. கேட்டது, அதில் சந்தேகமே வேண்டாம். அடியில் ஏதோ பச்சை மரக்கொப்பு மாதிரி முறிந்தது. அதையும் கேட்டார்.

"லிமா!"

ஐந்து. மரியஜோசப் வெளிச்சத்துக்குள் வந்து விழுந்து, எழுந்து, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார்.

சோதனையை நிறுத்துகிற விசிலை அதற்குப் பிறகுதான் ஊதினார்கள். அதற்குள் ராஜுவும் அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் தடுக்கி அவள்மேல் விழுந்து குவிந்திருந்தார்கள். விளக்கைப் போட்டு ஒவ்வொருவராகப் பிரித்து எடுத்தபோது அடியில் ரோசரி கிடந்தாள். முகம் சுண்ணாம்பு. புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரோசரி! அய்யோ, யாரு, எவன் செஞ்சது இத?" என்று மரியஜோசப் அலறினார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

பதிலை ராஜு கொடுத்தான், பாவி மனுஷன். ஆஸ்பத்திரி வராந்தாவில் மரியஜோசப்பின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். "நான்தாண்ணே. இருட்டுல அக்கா மேல விழுந்துட்டேன். நான்தான் மிதிச்சிட்டேன்."

நிஜமாகவே அவன் அப்படித்தான் நம்பினான். குடிகாரனுக்குத் தான் செய்யாத குற்றத்தையும் செய்திருப்போம் என்று நம்புகிற பழக்கம் வந்துவிடுகிறது, தினமும் காலையில் யாராவது ஒன்றைச் சொல்லித் திட்டிக்கொண்டே இருப்பார்களே. அந்த ஒரு நொடி மரியஜோசப் வாயைத் திறந்தார். இல்லடா ராஜு என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. வராந்தாவில் புளோக் ஜனம் அத்தனையும் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியாமத்தானடா செஞ்ச," என்றார். "எந்திரி."

ஆகா, என்ன மனுஷன் என்று அங்கேயே நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ரோசரிக்கு இடுப்பெலும்பில் தகடு வைத்தார்கள். செலவை ஆய்வகமே ஏற்றுக்கொண்டது, அதில் குறை சொல்ல முடியாது. இனிமேல் நடை என்பது ஊன்றுகோலும் நாலு எட்டும்தான், முட்டி மடக்கி உட்காரவோ மண்டியிடவோ இந்த ஜென்மத்தில் முடியாது என்றார் டாக்டர். முட்டி போட்டு நடக்கிறேன் என்று நேர்ந்துகொண்டவளிடம் அதைச் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்த அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் அவர்கள் வீட்டிலேயே நடந்தது. மரியஜோசப் ராஜுவை ஆள்விட்டு அழைத்தார். இந்துதான், இருந்தாலும் வந்து வாசலோரம் உட்கார்ந்தான். கூட்டத்துக்கு நடுவில் அவனை எழுப்பி நிறுத்தி, தலையில் கைவைத்து, "என் மனைவிக்கு இவன் செய்ததை நான் முழு மனதோடு மன்னிக்கிறேன்" என்று உரக்கச் சொன்னார் அந்த மனிதர். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. நடிப்பு என்று நினைக்காதீர்கள். ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிப் போயிருந்தது. பெண்கள் விசும்பினார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ரோசரி ராஜுவைப் பார்த்தாள், பிறகு அவன் தலைமேல் இருந்த கையைப் பார்த்தாள். "கொஞ்சம் தண்ணி குடுங்க," என்றாள்.

மன்னிப்புக் கிடைத்தவனை ஜனம் சும்மா விட்டதா? புளோக் பிள்ளைகள் அவனுக்கு மிதி ராஜு என்று பெயர் வைத்தார்கள். கல்யாண விருந்தில் அவன் பக்கத்து நாற்காலியில் ஒருத்தரும் உட்காரவில்லை. மறுபடி குடித்தான், முன்பைவிட அதிகமாக. ஆனால் தினமும் வேலை முடிந்து வந்ததும் ரோசரிக்குக் கஞ்சியோ பப்பாளியோ கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வரத் தைரியமில்லாமல் போவான்.

மரியஜோசப்போ, "நீ இல்லாம நான் மட்டும் எப்படிப் போறது?" என்று மனைவியிடம் வாரம் இரண்டு முறை சொல்லிக்கொண்டே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தார், விசா எடுத்தார், சட்டை தைத்தார். ஒனக்காகத்தான் போறேன், ஒன் நேர்ச்சைய நானே முட்டி போட்டுத் தீத்துட்டு வாரேன் என்றார். அவள் சரி என்றாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் ஷர்மினி ஆய்வகத்துக்கு வரச்சொன்னாள். ஒரு கையெழுத்து வேண்டுமாம். குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து மைலோ கொடுத்தாள்.

"அங்கிள், நம்ம சோதனை நல்லாப் பேசப்பட்டுருச்சு. அந்த இடைவெளி கூடாதுன்னு முடிவாயிருச்சு. இனி யாரும் அங்க கூடுதலா ஒரு வரிசை போட முடியாது. அதுக்கு ஆதாரம் ஒரு வீடியோதான். அத விமானப் பணியாளருங்களுக்குப் பாடத்துல காட்டப் போறோம். அதுல நீங்க இருக்கீங்க, அதனால சம்மதம் வேணும்."

"என்ன வீடியோ? இருட்டாத்தானே இருந்துச்சு?" மரியஜோசப்பின் கையில் மைலோ நின்றுவிட்டது.

"கூரையில இருட்டுலயும் பாக்குற கேமரா இருக்கு அங்கிள். இல்லன்னா எங்களுக்கு எப்படித் தெரியும் யாரு எப்படி நடந்துக்கிறாங்கன்னு?"

ஓடவிட்டாள். எல்லாம் சாம்பல் நிறத்தில், மேலிருந்து பார்க்கிற மாதிரி. எண்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. ரோசரியின் எண் விழுந்தது. மரியஜோசப்பின் எண் ஒரு கணம் தயங்கி நின்றது. அந்தத் தயக்கத்தை அவள் மெதுவாக ஓட்டிக் காட்டினாள். பிறகு கால் ஏறியது. ராஜு அப்போது இன்னும் ஒரு வரிசை பின்னால் இருந்தான். அவன் விழுந்தது எல்லாம் முடிந்த பிறகு. விழும்போதும் கையைத் தரையில் ஊன்றி அவள்மேல் பாரம் போகாமல் இருக்கப் பார்த்தான், பின்னால் வந்தவர்கள்தான் அவனையும் சேர்த்து அமுக்கினார்கள்.

"இந்தத் தயக்கம்தான் அங்கிள் முக்கியம்," என்றாள் ஷர்மினி, திரையைத் தொட்டு. அவளுக்கு உற்சாகம். "நீங்க யோசிச்சிருக்கீங்க பாருங்க. யோசிச்சிட்டு ஏறியிருக்கீங்க. பயத்துல தெரியாம மிதிக்கிறாங்கன்னுதான் இவ்வளவு நாளா எல்லாரும் எழுதிட்டு இருந்தாங்க." அவர் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினாள். "ஒங்களக் குத்தம் சொல்லல. அந்த எடத்துல யாரா இருந்தாலும் செய்வாங்க. நான்கூட ஆண்ட்டி விழுந்ததத் திரையில பாத்தேன், இன்னும் கொஞ்சம் பாப்போமேன்னு விசில் ஊதாம இருந்துட்டேன். என் தப்ப அறிக்கையில எழுதிட்டேன்."

"இத அழிச்சிரும்மா." மைலோவைக் கீழே வைத்தார்.

"முடியாது அங்கிள். மொகத்த மறைச்சிருவோம். யாருக்கும் தெரியாது."

"ரோசரிக்குக் காட்டிறாத. ஒன் காலப் புடிச்சுக் கேக்குறேன்."

ஷர்மினி விழித்தாள். "ஆண்ட்டி ஆஸ்பத்திரியிலயே பாத்துட்டாங்களே! காயம் பட்டவங்கள விசாரிக்கணும், அது எங்க முறை. டேப்லட்ட எடுத்துட்டுப் போனேன். எலும்பு எந்த நேரத்துல ஒடஞ்சிச்சுன்னு கேட்டேன். ஆண்ட்டி வெரல வச்சுக் காமிச்சாங்க. ஒங்ககிட்ட சொல்லலையா?"

மரியஜோசப் கையெழுத்துப் போட்டார். எங்கே போடச் சொன்னாளோ அங்கே போட்டார்.

வீட்டுக்கு வந்து என்ன பேசினார் என்று கேட்கிறீர்களா? சாப்பிட்டாச்சா என்று கேட்டாள், ஆச்சு என்றார். ஆஸ்பத்திரியிலேயே தெரிந்திருந்தால், ராஜுவின் தலையில் தான் கை வைத்தபோது இவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். போகவேண்டாம் என்றும் நினைத்தார். போகாமல் இருந்தால் ஏன் என்று ஜனம் கேட்குமே என்றும் நினைத்தார். அவருக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

மறுநாள் காலை டாக்சிக்குச் சொல்லியிருந்தார். ரோசரி நாற்காலியில் இருந்தபடியே அவருடைய பையை மடியில் வைத்துச் சட்டைகளை மடித்து அடுக்கியிருந்தாள். மாத்திரை, துண்டு, மெழுகுவர்த்தி எல்லாம் வைத்திருந்தாள்.

"அங்க கோயில் கடையில வெள்ளித்தகட்டுல கை, கண்ணு, காலுன்னு விக்கிறாங்களாம்," என்றாள். "எந்த உறுப்புக்கு வேண்டிக்கிறமோ அத வாங்கிக் காணிக்க போடணுமாம். கால் ஒன்னு வாங்கிப் போட்டுருங்க."

மரியஜோசப்புக்கு உயிர் வந்தது. மன்னித்துவிட்டாள், அதான் வேண்டுதல் சொல்லி அனுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டார். "கட்டாயம் போடுறேன் ரோசரி. நீ பழைய மாதிரி நடக்கணும்னு அழுது கேக்குறேன்."

"என் காலுக்கு இல்ல." அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "ஒங்க காலுக்கு. வலது காலு. பாத்து வாங்குங்க."

கீழே டாக்சி ஹார்ன் அடித்தது. அந்த நேரம் பார்த்துத் திறந்திருந்த வாசலில் ராஜு வந்து நின்றான், கையில் கஞ்சித் தூக்கோடு. குளித்து நெற்றியில் திருநீறு பூசியிருந்தான்.

"அண்ணே, பையக் குடுங்க, நான் கீழ எறக்கித் தாரேன்," என்றான். பையை வாங்கவில்லை, தயங்கினான். "மாதாகிட்ட எனக்காகவும் ஒரு வார்த்த கேளுங்கண்ணே. நான் தெரியாமத்தான் அக்காவ மிதிச்சிட்டேன்னு சொல்லி மன்னிப்புக் கேளுங்க. நீங்க கேட்டா அவங்க கேப்பாங்க."

ரோசரி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். இல்லடா, நான்தான். ஹார்ன் மறுபடி அடித்தது. எதிர்வீட்டுக் கலாதேவி வழியனுப்ப வாசலுக்கு வந்து நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"கேக்குறேன்டா," என்றார் மரியஜோசப். தம்பியின் தோளில் தட்டுகிற மாதிரி ராஜுவின் தோளில் தட்டினார். பையைத் தானே தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் படியில் இறங்கினார்.

ராஜு கஞ்சித் தூக்கை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பப் போனான்.

"ராஜு," என்று கூப்பிட்டாள் ரோசரி. "உள்ள வாப்பா. வந்து இப்படி உக்காரு. அந்தக் கதவ மூடாத, கலாதேவிய, அங்க நிக்கிறவங்களையும் வரச் சொல்லு. ஒங்க எல்லாருக்கும் ஒன்னு சொல்லணும்."